பிறந்த வீட்டுக் கோடி

மானகிரி
14.2.2024

அண்ணனுக்கு,

தேனம்மை எழுதுவது. நலமா என்று கேட்கவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்துப் பத்து நாள் ஆன வீட்டில் எல்லாரும் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் நம்பரை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அண்ணனுக்குத் தபால் போடுகிறாளே என்று தபால்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். போனில் என்றால் நீங்கள்தான் பேசுவீர்கள், நான் 'உம்' கொட்டிக்கொண்டிருப்பேன்.

இந்தப் பார்சலில் உமையாள் அண்ணியின் அரக்குப் பட்டு இருக்கிறது. காற்றாட விட்டு மடித்திருக்கிறேன். கறை எதுவும் இல்லை. அதைக் கட்டிக்கொண்டு நான் ஒரு வாய் சாப்பிட்டிருந்தால்தானே கறை படும்.

சௌபர்ணிகா கல்யாணத்துக்கென்று ஒரு மாதம் முன்பே துணி எடுத்து, ஹபீப் ரகுமான் டெய்லரிடம் கொடுத்துத் தைத்தேன் அந்தச் சுடிதாரை. கத்தரிப்பூ நிறம், நல்ல பருத்தி, என் வழக்கப்படி இரண்டு பக்கமும் பை. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு எனக்குத் தெரிந்த நல்ல உடுப்பில் வந்தேன். காலைப் பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்து, "இங்குட்டு ரெண்டு இலையப் போடு தாயி" என்றார்கள். போட்டேன், தண்ணீரும் தெளித்தேன். நம் வீட்டுக் கல்யாணத்தில் நான் இலை போடாமல் யார் போடுவது?

அதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அத்தனை பேர் முன்னாலும் சொன்னீர்கள்: "வீட்டுப் பொம்பளையா வந்தா வீட்டுப் பொம்பளையா உடுத்திட்டு வா. இல்லாட்டி இங்கனயே நின்னு பரிமாறு." அண்ணி பட்டை எடுத்துக்கொண்டு என்னைச் சாமான் அறைக்குக் கூட்டிப்போனார்கள். அரிசி மூட்டைக்கும் வாழைக்காய்த் தாருக்கும் நடுவில் நின்று, நாற்பத்தெட்டு வயதில், அடுத்தவர் சொன்ன துணிக்கு மாறினேன். மணவறையில் சௌபர்ணிகா இருந்தாளே என்று ஒன்றும் பேசவில்லை. அவள் கழுத்தில் திருப்பூட்டியதும் கிளம்பிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என் வீட்டுக்காரர் போய் எட்டு வருடமாகத் தீபாவளிக்கு நீங்கள் அனுப்பியதெல்லாம் சாம்பலும் சந்தனமும் வெளிர்நீலமும். அரக்கு எனக்குப் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்காகக் கொடுக்காத நிறத்தைச் சம்பந்தியின் கண்ணுக்காகக் கொடுத்தீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

தேனம்மை

*

உ
காரைக்குடி
25.2.2024

தேனம்மைக்கு,

உன் கடிதமும் பார்சலும் வந்தன. உமையாள் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் பீரோவில் வைத்தாள். அவள் திட்டினால்கூடப் பரவாயில்லை, பேசாமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று சமையல்காரர் கூட்டிவந்த பரிமாறும் பெண்கள் எட்டுப் பேருக்கும் ஒரே மாதிரி சுடிதார், அதே கத்தரிப்பூ நிறம். சம்பந்தி அம்மாள் உன்னையும் அவர்களில் ஒருத்தி என்று நினைத்துவிட்டார்கள். நீ "நான் பொண்ணுக்கு அத்தை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இலையை வாங்கிப் போட்டுக்கொண்டு நின்றாய். பக்கத்தில் இருந்த சம்பந்தியின் தம்பி, "யாருய்யா அது" என்று என்னிடமே கேட்டார். என் தங்கை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கோபம்தான் வந்தது.

ஆள் பாதி ஆடை பாதி என்பது உனக்குப் பழமொழி, நான் பட்டு அறிந்தது. அப்பச்சியின் அரிசி மில் மூடிய வருடம் எனக்குப் பன்னிரண்டு வயது, நீ கைக்குழந்தை தாண்டி நடக்கிற பிள்ளை. வலையபட்டியில் ஒரு கல்யாணம். காலர் கிழிந்து, ஆத்தா திருப்பிப் போட்டுத் தைத்த சட்டையோடு பந்தியில் உட்கார்ந்தேன். ஒருவர் வந்து, "தம்பி, கடைசிப் பந்தியில உக்காரு" என்று எழுப்பிவிட்டார். தகப்பனுக்குப் பொறுக்குமா, அப்பச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு சாப்பிடாமலே வெளியே வந்தார். அன்றைக்கு இருந்து இன்றுவரை கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை இல்லாமல் நான் வாசல் தாண்டியதில்லை. பெயிண்ட் கடையில் நாளெல்லாம் நின்றும் ஒரு சொட்டு விழாமல் வீட்டுக்கு வருகிறவன் நான். நம் வீட்டுப் பிள்ளையை இன்னொருவர் கீழாகப் பார்ப்பதை என்னால் தாங்க முடியாது.

சேலையைப் பற்றி எழுதியிருந்தாய். இருபத்தேழு தீபாவளி, தேனம்மை. உமையாளுக்கு அவளே எடுத்துக்கொள்வாள். உனக்கு மட்டும் நானே கடைக்குப் போய், வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து எடுப்பேன். உன் மாப்பிள்ளை போன பிறகு வழக்கம் எதுவோ அந்த நிறத்தில் எடுத்தேன். எட்டு வருடமாக வாங்கி வைத்துக்கொண்டு இப்போது குற்றம் சொல்கிறாய்.

நல்லது. இனி என் கையால் உனக்கு ஒரு துணி வராது. உனக்கு வேண்டியதை நீயே எடுத்துக்கொள்.

அழகுசுந்தரம்

*

மானகிரி
9.11.2024

அண்ணனுக்கு,

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டீர்கள். தீபாவளிக்குச் சேலை வரவில்லை. எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் அது பொய். இரண்டு நாள் வாசல் பக்கம் சைக்கிள் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறமாக இருந்தாலும் வாங்கி வைத்திருப்பேன்.

இப்போது எழுதுவது வேறு காரியம். ஆவணியில் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. நர்சரியில் செடித் தொட்டி தூக்கியதில் சதை பிசகியிருக்கும் என்று விட்டுவிட்டேன். கூட வேலை செய்கிற பொன்னுத்தாயிதான் வைது மதுரைக்குக் கூட்டிப்போனாள். கல்லீரலுக்கும் போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருந்து ஏற்றுகிறார்கள். ஒரு வருடம் என்றால் அதிகம் என்பது அவர் பேச்சிலிருந்து எனக்கு விளங்கியது. அழுது முடித்துவிட்டேன், நீங்கள் படித்துவிட்டு நிதானமாக அழுங்கள்.

எனக்குப் பிள்ளை இல்லை. புகுந்த வீட்டில் கேட்பாரும் இல்லை. நான் போனால் என்மேல் போர்த்த வேண்டிய கோடித் துணி பிறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும், அதைக் கொண்டுவரும் உரிமை உங்கள் ஒருவருக்குத்தான். அதனால் உங்கள் சபதத்தை நீங்கள் ஒரு தடவை மீறியே ஆக வேண்டும்.

எனக்குச் சேலை வேண்டாம், அண்ணே. பட்டு கண்டிப்பாக வேண்டாம். பருத்தியில் ஒரு சுடிதார், நான் தினமும் உடுத்துகிற மாதிரி, இரண்டு பக்கமும் பை வைத்து. அதை உடுத்தி என்னை அனுப்புங்கள். நான் இல்லாதபோது ஊர் நூறு சொல்லும். நீங்கள் ஒருவர் "இதுதான்" என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது. எனக்கு வேறு ஒன்றும் உங்களிடம் கேட்கத் தோன்றவில்லை.

தேனம்மை

*

உ
காரைக்குடி
17.11.2024

தேனம்மைக்கு,

முதலில் வாயைக் கழுவு. உயிரோடு இருக்கிறவள் தனக்குக் கோடி கேட்டு எழுதி நான் கேள்விப்பட்டதில்லை. கடிதத்தை உமையாள் கையில் கொடுக்காமல் கடை மேஜையில் பூட்டி வைத்திருக்கிறேன். பிள்ளையார்பட்டிக்குப் போய் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். சென்னையில் பெரிய டாக்டரிடம் நேரம் வாங்குகிறேன், நீ ரிப்போர்ட்டை மட்டும் அனுப்பு. இந்த வியாதி இப்போதெல்லாம் குணமாகிறது.

நீ கேட்ட காரியம் என்னால் ஆகாது. அன்றைக்குத் தாம்பாளத்தில் வைத்து, சங்கு ஊத, ஊர் முழுக்கப் பார்க்க ஏந்தி வர வேண்டியவன் நான். அதில் சுடிதாரை வைத்துக்கொண்டு வரச் சொல்கிறாய். தங்கையைச் சேலை இல்லாமல் அனுப்பினான் என்று என் பேரன் காலம்வரை பேசுவார்கள்.

வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்கு வந்தேன். பொன்னுத்தாயி கேட்டைத் திறக்காமல், "ஆச்சி வெளியூரு போயிருக்காக" என்றாள். உன் செருப்பு வாசலில் கிடந்தது. நான் திரும்பிவிட்டேன். கொண்டுவந்த சாத்துக்குடி காரிலேயே இருக்கிறது.

அழகுசுந்தரம்

*

மானகிரி
6.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அன்று நான் உள்ளேதான் இருந்தேன். தலையில் முடி கொட்டிவிட்டது. நைட்டியில் சுருண்டு கிடந்தேன். அந்தக் கோலத்தில் உங்கள் முன்னால் வர மனம் வரவில்லை. ஜன்னல் வழியாக உங்கள் வெள்ளைச் சட்டை தெரிந்தது. இளைத்திருக்கிறீர்கள். சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள்.

பெரிய டாக்டருக்கு ரிப்போர்ட் அனுப்பினேன், நீங்கள் அலைந்து வாங்கிய நேரம் வீணாகக் கூடாதே என்று. மதுரையில் சொன்னதைத்தான் அவரும் சொன்னார்.

ஏன் இந்தத் துணிக்காக இவ்வளவு பிடிவாதம் என்று நினைப்பீர்கள். சிறுவயதில் ஆத்தா எடுத்துக் கொடுத்ததை உடுத்தினேன். கல்யாணமான பின் மாமியார் எடுத்தது, பிறகு அவர் எடுத்தது, வருடத்துக்கு ஒன்று நீங்கள் எடுத்தது. எல்லாரும் பிரியத்தோடுதான் எடுத்தீர்கள், இல்லையென்று சொல்லவில்லை. அவர் போன அன்று நீங்கள் என் தோளில் ஒரு வெள்ளைக் கோடி போட்டீர்கள். மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். அதை இன்றுவரை மறக்கவில்லை.

மறு வருடம் நர்சரி ஆரம்பித்தேன். சாவி, சணல், கத்தரி எல்லாம் முந்தானையில் முடிந்துகொண்டு குனிந்தால் ஒவ்வொன்றாக விழும். ஒருநாள் துணி எடுத்துக்கொண்டு ஹபீப் ரகுமான் கடைக்குப் போனேன். அவர் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, "எப்படித் தைக்கணும் ஆச்சி, சொல்லுங்க" என்று கேட்டார். நாற்பத்தொரு வயதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். பாவம், மனுஷன் பயந்துபோய் டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு பை வைக்கச் சொன்னேன். அதை உடுத்திக்கொண்டு பஸ் ஏறிய அன்றுதான் நான் தேனம்மை என்று எனக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு பச்சை அங்கி போடுகிறார்கள். நாடா முதுகுப் பக்கம். நம் கையால் கட்ட முடியாது, யாராவது வரும்வரை சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வியாதிக்கு அழாத நான் அந்த நாடாவுக்கு அழுதேன். அப்போது கல்யாண வீட்டுச் சாமான் அறைதான் ஞாபகம் வந்தது.

கடைசியாக என்னைக் குளிப்பாட்டி உடுத்தும்போது எனக்குக் கையும் இருக்காது, வாயும் இருக்காது. அப்போது மறுபடியும் கேட்காமல் மாற்றிவிடாதீர்கள், அண்ணே.

உங்கள் தங்கை,
தேனம்மை

*

உ
காரைக்குடி
30.1.2025

அன்புள்ள தேனம்மைக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு மூன்று வாரம் எழுத முடியவில்லை. உமையாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வருடமாகப் பேசாமல் வைத்திருந்ததை எல்லாம் சேர்த்துப் பேசிவிட்டாள். "அந்தச் சாமான் ரூம்புல தேனம்மை என்னையக் கேட்டா, 'அண்ணி, நான் அம்புட்டு அசிங்கமாவா இருக்கேன்'னு. நான் பதில் சொல்லலை. அந்தப் பாவம் என்னையும் சேந்ததுதான்" என்றாள். நீ அப்படிக் கேட்டதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

அன்று வலையபட்டியில் அப்பச்சி என்னைச் சாப்பிடாமல் கூட்டிவந்தார் என்று எழுதியிருந்தேன். நீயும் என் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிடாமல்தான் போயிருக்கிறாய். உன்னை எழுப்பிவிட்டவன் நான். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் இருந்தால் தூக்கம் வராது. மன்னித்துவிடு.

ஹபீப் ரகுமானிடம் போனேன். உனக்கு ஒரு சுடிதார் வேண்டும் என்றேன். எதற்கு என்று சொல்லவில்லை. அவர் நோட்டில் உன் பக்கத்தை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணே, பழைய அளவு போடவா? ஆச்சி போன மாசம் பழைய சுடிதார் ஒண்ண உள்ள புடிச்சுத் தரச் சொல்லி வந்திருந்தாக. பாதியா எளைச்சிட்டாகளே. புது அளவு கொண்டாந்திருக்கீகளா?" என்றார். என்னிடம் என்ன அளவு இருக்கிறது? ஒரு வருடமாக உன்னைப் பார்க்காதவனுக்கு நீ எவ்வளவு மெலிந்தாய் என்று எப்படித் தெரியும். "பழசே போடுங்க" என்றேன். நீ இளைத்திருப்பதை ஒத்துக்கொள்ள எனக்கு மனசில்லை.

இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பை இரண்டு பக்கமும் வைக்கச் சொன்னேன், ஆழமாக. பிடித்திருக்கிறதா என்று எழுது.

அண்ணன்

*

மானகிரி
12.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பார்சலைப் பிரித்துவிட்டு நானும் பொன்னுத்தாயியும் சிரித்த சிரிப்பில் எனக்கு இருமல் வந்துவிட்டது. பட்டு! காஞ்சிபுரத்துப் பட்டில், சரிகைக் கரையோடு, பை வைத்த சுடிதார். இந்த உலகத்தில் உங்களைத் தவிர வேறு யாரும் இப்படித் தைத்திருக்க மாட்டார்கள். பருத்தி என்று அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தேனே, அண்ணே. கடையில் நின்று பருத்தியை எடுக்கப் போய், கை பட்டுப் பக்கம் போயிருக்கும். என் தங்கைக்குப் போய் இதையா என்று தோன்றியிருக்கும். எனக்குத் தெரியாதா உங்களை.

ஆனால் அரக்கு நிறத்தில் எடுத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

தொளதொள என்று இருக்கிறது. பொன்னுத்தாயி இரண்டு பக்கமும் ஊசி குத்திப் பிடித்துவிட்டாள். நேற்று அதை உடுத்திக்கொண்டு நாற்காலியை வெளியே போடச் சொல்லி, செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டி வாங்க வந்த ஒரு பெண், "என்ன ஆச்சி, விசேஷமா?" என்றாள். "எங்க அண்ணன் எடுத்துக் குடுத்தது" என்றேன். பையில் கையை விட்டுக்கொண்டு சொன்னேன். ரொம்ப நாளைக்குப் பிறகு என்னைப் பார்க்க எனக்கே நன்றாக இருந்தது.

இதை நான் இருக்கும்வரை உடுத்துகிறேன். இது நீங்கள் பார்ப்பதற்கு. கடைசிக்கு மட்டும் பருத்தி, அது எனக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் நம்பரைத் தடுத்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். ஆனாலும் நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது, எழுதுவது சுலபமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அண்ணியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். சாத்துக்குடி கொண்டுவாருங்கள், இப்போது அது ஒன்றுதான் உள்ளே இறங்குகிறது.

தேனம்மை

*

உ
காரைக்குடி
27.3.2025

தேனம்மா,

நேற்று உன் கட்டில் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தும் இதைச் சொல்ல வாய் வரவில்லை. நீ கண்ணை மூடிக்கொண்டு என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாய். கஞ்சி போட்ட சட்டை உன் விரலை உறுத்துமே என்றுதான் எனக்கு இருந்தது. அதனால் எழுதிப் பொன்னுத்தாயியிடம் கொடுத்தனுப்புகிறேன், அவள் படித்துக் காட்டுவாள்.

நீ கேட்டபடி செய்வேன். தாம்பாளத்தில் வைத்து நானே ஏந்தி வருவேன். யார் என்ன கேட்டாலும், "எந்தங்கச்சி இதத்தான் உடுத்துவா" என்று சொல்வேன். உமையாள் தன் கையால் உனக்கு உடுத்திவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். வேறு யாரையும் உன் பக்கத்தில் விடப்போவதில்லை என்றாள்.

வீட்டுக்குப் போனால் மனது மாறிவிடக் கூடாதே என்று நேராகத் துணிக்கடைக்குப் போனேன். இந்தத் தடவை பட்டுப் பக்கம் திரும்பவில்லை. பருத்தியில் கத்தரிப்பூ நிறம் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் எடுத்துப் போட்டுவிட்டு, "யாருக்கு சார்?" என்றார். தங்கச்சிக்கு என்றேன். "எதுவும் விசேஷத்துக்கா?" என்றார். இல்லை, தினமும் உடுத்தத்தான் என்று சொல்லிவிட்டேன்.

"தினமும் உடுத்தன்னா ஒண்ணு எப்படிக் காணும் சார், மாத்தி உடுத்த வேணாமா?" என்றார்.

மூன்று எடுத்தேன், தேனம்மா. கத்தரிப்பூ ஒன்று, மாம்பழ மஞ்சள் ஒன்று, அரக்கு ஒன்று. மூன்றுக்கும் பை வைக்கச் சொல்லி ஹபீப் ரகுமானிடம் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை தந்துவிடுவார்.

அண்ணன்